தாழ்ந்த எரிபொருளும் தளரா முயற்சியும்

மோட்டார் வண்டியைச் செலுத்த விழையும் ஒருவர் இன்று ஒரு சாவியைத் திருப்புகின்றார். அல்லது ஒரு பொத்தானை அழுத்துகின்றார். அந்நொடியே எந்திரம் உயிர்பெற்று முழங்குகின்றது. நீர் உறைந்து கல்லாகும் பனிநாடுகளிலும் வண்டி பெரும்பாலும் இவ்வாறே எளிதிற் புறப்படுகின்றது. இவ்வெளிமை பல்லாண்டு உழைப்பின் பயனாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பனிக்கால விடியலில் ஒரு வண்டியைக் கிளப்புதல் ஒரு சிறு போர் எனத்தக்கதாய் இருந்தது. அப்போரில் கையெலும்பு முறிந்தோர் பலர். அக்காலத்து வண்டிக்கு வாய்த்த எரிபொருளோ தாழ்ந்தது; காற்றோ கடுங்குளிர் உடையது. இவ்விரண்டையும் விரும்பியவாறு மாற்றிக்கொள்ள மனிதனால் இயலவில்லை. ஆகவே, அவன் எந்திரத்தை மாற்றினான். அம்மாற்றத்தின் வரலாறு அறிவுக்கு விருந்தாவதோடு, சிந்திப்பார்க்கு ஓர் எச்சரிக்கையாகவும் விளங்குகின்றது.

ஆவியும் வெப்பமும்

மோட்டார் எந்திரத்தினுள்ளே பெட்ரோல் எரிகின்றது என்று பொதுவாகக் கூறுவர். நீர்மமாக உள்ள பெட்ரோலிலிருந்து எழும் ஆவியே காற்றோடு கலந்து எரிகின்றது என்பது அதன் நுட்பம். ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். இக்கலவை, சிலிண்டர் எனப்படும் உருளையினுட் புகுகின்றது; அங்கே மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன் அதனை நெருக்குகின்றது; உடனே மின்பொறி பாய்கின்றது; கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றது. அத்தள்ளுதலே சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாக மாறுகின்றது. ஆவி எழாவிடின் எந்திரத்திற்கு இயக்கமே இல்லை.

நீர்மம் ஒன்று ஆவியாவதற்கு வெப்பம் இன்றியமையாதது. மண்பானையின் புறத்தே கசியும் நீர், பானையிலுள்ள வெப்பத்தைக் கவர்ந்து ஆவியாவதனாலன்றோ உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது? பெட்ரோலும் அவ்வாறே, தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்தும் தான் தங்கும் இரும்பிலிருந்தும் வெப்பத்தைக் கவர்கின்றது. அக்காற்றும் இரும்பும் முன்னரே குளிர்ந்து கிடப்பின், கவர்வதற்கு வெப்பம் ஏது? பழைய எந்திரங்களின் இடர்களுட் பல இந்த ஒரு வினாவினின்றே கிளைத்தன.

செருமனி நாட்டினரான கார்ல் பென்ஸ் என்பார், தாம் அமைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வேண்டி, 1886ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29ஆம் நாள் விண்ணப்பித்தார். அவ்வண்டியின் எரிபொருள் லிக்ரோயின் என்பது. கல்லெண்ணெயினின்று பிரித்தெடுக்கப்பெற்ற, எளிதில் ஆவியாகும் அந்நீர்மம், துணிகளின் கறை போக்குதற்காக மருந்துக் கடைகளில் விற்கப்பட்டு வந்தது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பென்ஸின் மனைவியாராகிய பெர்த்தா அம்மையார், தம் மைந்தர் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, மன்ஹைம் நகரினின்று ஃபோர்ட்ஸ்ஹைம் நகர் வரை 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவை அவ்வண்டியிற் கடந்தார். வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் லிக்ரோயின் வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். எரிபொருட்குழாய் அடைபட்டபோது, தம் தொப்பியிற் செருகியிருந்த ஊசியைக் கொண்டே அவ்வடைப்பை நீக்கினார். மோட்டார் வண்டியின் முதல் நெடும் பயணத்திலேயே எரிபொருளால் எழும் இடரும், அதனை வெல்லும் மதிநுட்பமும் ஒருங்கே தோன்றியமை காண்க.

பென்ஸின் வண்டியில், ஒரு கலத்திலிருந்த எரிபொருளின் மேற்பரப்பைக் காற்றுத் தழுவிச் சென்று, அங்கெழும் ஆவியை வாரிக்கொண்டு எந்திரத்தினுட் புகும். இம்முறையில் ஒரு குறை உண்டு. எளிதில் ஆவியாகும் பகுதி முதலிற் போய்விடும்; ஆவியாகாத கனத்த பகுதி கலத்திலேயே எஞ்சிவிடும். ஆதலின் உயர்ந்த எரிபொருளையன்றி வேறு எதனையும் அவ்வெந்திரம் ஏலாது. 1893ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியாளர் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். எந்திரம் காற்றை உறிஞ்சும் விசையாலேயே, ஒரு நுண்துளையின் வழியாகப் பெட்ரோல் மேலெழும்பித் தூவலாகச் சிதறுமாறு அவர் அமைத்தார். திருமண வீட்டிற் பன்னீர்ச் செம்பின் துளைகள் வழியே பன்னீர் துளித்துளியாகத் தெளிக்கப்படுவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். இவ்வாறு பெட்ரோலைத் துளியாக்கிக் காற்றோடு கலக்கும் கருவியே கார்புரேட்டர் எனப்படுவது. கனத்த பகுதியும் மெல்லிய பகுதியும் இதனால் ஒருசேரவே எந்திரத்தினுட் சென்றன.

எரிபொருள் தாழ்ந்த வரலாறு

நிலத்தின் அடியிலிருந்து எடுக்கப்படும் கல்லெண்ணெயைக் காய்ச்சி வடித்தால், முதலில் மெல்லிய பெட்ரோலும், அடுத்து மண்ணெண்ணெயும், பின்னர்க் கனத்த எண்ணெய்களும் முறையே பிரியும். விளக்கெரிக்க மண்ணெண்ணெயே வேண்டப்பட்ட காலத்தில், பெட்ரோலைப் பெரிதும் விரும்புவார் இலர். மோட்டார் வண்டி பெருகியதும் நிலைமை தலைகீழாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1900ஆம் ஆண்டிற் பதிவு பெற்றிருந்த மோட்டார் வண்டிகள் ஏறத்தாழ 8,000. 1910ஆம் ஆண்டில் அத்தொகை 4,68,000 ஆயிற்று; 1920ஆம் ஆண்டிலோ 92 இலட்சத்தைத் தாண்டிற்று. அத்துணை வண்டிகட்கும் வேண்டிய மெல்லிய பெட்ரோலை எங்ஙனம் பெறுவது?

எண்ணெய் வடிப்போர் இரண்டு வழிகளை மேற்கொண்டனர். மண்ணெண்ணெயை ஒட்டிய கனத்த பகுதிகளையும் பெட்ரோலோடு சேர்த்து விற்றல் ஒன்று. கனத்த எண்ணெயை மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிளந்து, மெல்லிய எண்ணெயாக்குதல் மற்றொன்று. பின்னதற்கு வில்லியம் பர்ட்டன் என்னும் வேதியியலறிஞர் 1913ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். இவற்றால் பெட்ரோலின் அளவு பெருகியது. ஆயினும், விற்கப்பட்ட பெட்ரோல் முன்னையினும் கனத்தது. பெயர் ஒன்றே, பண்பு வேறு. எளிதில் ஆவியாகும் எரிபொருளுக்கென அமைந்த எந்திரம், ஆவியாக மறுக்கும் எரிபொருளைக் குடிக்க நேர்ந்தது.

அதன் விளைவுகள் பல. ஆவியாகாத துளிகள் குளிர்ந்த குழாய்ச் சுவரில் ஒட்டி வழிந்தன. உருளைச் சுவரில் உராய்வைத் தடுக்கும் பொருட்டுப் படிந்திருந்த மசகெண்ணெயை அவை கழுவிச் சென்றன. பின்பு அடித்தட்டில் தேங்கி, அங்கிருந்த மசகெண்ணெயையும் நீர்க்கச் செய்தன. எந்திரத்தின் உறுப்புகள் விரைவில் தேய்ந்தன. மின்பொறி எழ வேண்டிய முனைகள் நனைந்து செயலற்றன.

குளிரின் கொடுமை

இந்நிலையிற் குளிரும் சேருமாயின் சொல்ல வேண்டுவதில்லை. அக்காலத்து மோட்டார்த் தொழிலின் தலைநகராக விளங்கிய டெட்ராய்ட், பனி மிகுந்த வட பகுதியைச் சார்ந்தது. அங்கே குளிர்காலத்திற் பல நாள்கள் வெப்பநிலை நீரின் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். மார்கழி விடியலில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் புட்டியினுள்ளே உறைந்து நிற்றலைக் காண்கின்றோம். அதனினும் பன்மடங்கு கடிய குளிரில் எந்திரத்தின் மசகெண்ணெய் பாகாய் இறுகி, உறுப்புகளை அசையவொட்டாது பற்றிக்கொள்ளும். மின்கலத்தின் ஆற்றல் கடுங்குளிரில் ஏறக்குறைய பாதியளவாகக் குன்றிவிடும். எந்திரத்தைக் குளிர்விக்க நிரப்பிய நீர் இரவில் உறைந்தால், 11 பங்கு நீர் 12 பங்கு பனிக்கட்டியாய் விரியும். அவ்விரிவைத் தாங்காது வார்ப்பிரும்பும் வெடிக்கும்.

ஹென்றி ஃபோர்டு 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மாடல் டி' என்னும் வண்டி, 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. உழவரும் தொழிலாளரும் வாங்கத்தக்க விலையில் அமைந்த வண்டி அது. அதனைக் குளிர்காலத்திற் கிளப்பும் முறை பின்வருமாறு. முதலில், மின்பொறி பாயும் நேரத்தைத் தாழ்த்தும் நெம்புகோலை மேலே தள்ளிவிட வேண்டும். பின்னர் வண்டியின் முன்னே வந்து, ஆங்குள்ள கம்பி வளையம் ஒன்றை இழுக்க வேண்டும். அது கார்புரேட்டரிற் காற்று நுழையும் வாயிலை அடைக்கும். எனவே பெட்ரோல் மிகுதியாக உட்செல்லும். அம்மிகுதியில் ஒரு சிறு பகுதியேனும் ஆவியானாற் போதும் என்பது கருத்து. அதன்பின், வளைந்த இரும்புப் பிடியைப் பற்றி எந்திரத்தைக் கையாற் சுழற்ற வேண்டும்.

நெம்புகோலை மேலே தள்ள மறந்தவர் நிலை இரங்கத்தக்கது. பிஸ்டன் மேலேறி முடியுமுன்னரே கலவை எரிந்து, எந்திரம் பின்னோக்கிச் சுழலும், கையிலுள்ள இரும்புப் பிடி திரும்பித் தாக்கும், மணிக்கட்டு முறியும். ஆதலின், பிடியைச் சுற்றிப் பெருவிரலை மடக்காமல், மற்றை விரல்களின் பக்கமாகவே அதனையும் வைத்துக்கொண்டு, இடக்கையால் மேனோக்கி இழுத்தல் வேண்டும் என்று பழகியோர் கற்பித்தனர். இரவில் நீரை வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றுவாரும், மசகெண்ணெயை வடித்து அடுப்படியிற் சூடாக்கி மீண்டும் வார்ப்பாரும் இருந்தனர். இறுகிய எண்ணெயின் பிடியைத் தளர்த்தும் பொருட்டு, பின்சக்கரம் ஒன்றை நிலத்தினின்று உயர்த்தி நிறுத்திவிட்டுப் பிடியைச் சுழற்றுவாரும் உண்டு.

வெப்பம் தந்த வழி

பொறியாளர்கள் இவ்விடர்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். எந்திரம் வெளியேற்றும் புகையோடு பெரும் வெப்பம் வீணே போவதை அவர்கள் எண்ணினர். அவ்வெப்பத்தின் ஒரு பகுதியையே எரிபொருளை ஆவியாக்கப் பயன்படுத்தலாகாதா? மாடல் டி வண்டியிற் புகைக்குழாயை ஒட்டி ஒரு தகட்டுக் குழாய் அமைக்கப்பட்டது. புகைக்குழாயின் அருகே சூடேறிய காற்று அதன் வழியாகக் கார்புரேட்டரை அடைந்தது. பிற்கால வண்டிகளில், கலவை செல்லும் குழாயும் புகை செல்லும் குழாயும் ஓரிடத்திற் பொருந்துமாறு அமைத்து, அவ்விடத்தில் விழும் துளிகள் உடனே ஆவியாகுமாறு செய்தனர். வீணே கழிந்த வெப்பம் இங்ஙனம் பயன்பட்டது.

ஆயினும், வெப்பமும் அளவோடு அமைதல் வேண்டும். காற்று மிகச் சூடேறின் விரியும். விரிந்த காற்று உருளையினுட் குறைந்த எடையே புகும். எந்திரத்தின் வலிமை குன்றும். குளிர்காலத்தில் நண்பனாகும் வெப்பம் கோடையிற் பகையாய்விடும். எனவே, நிலைமைக்கேற்பத் தானே திறந்து மூடும் வாயில்கள் தோன்றின. 1914ஆம் ஆண்டில் வெளிவந்த கடிலாக் வண்டியில், எந்திரம் சூடேறும் வரை நீரோட்டத்தைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு இடம்பெற்றது. நீர் உறையாதிருக்க முதலில் எரிசாராயத்தை அதனோடு கலந்தனர். எந்திரம் சூடேறியதும் சாராயம் ஆவியாய்ப் போய்விடவே, அடிக்கடி ஊற்ற வேண்டியதாயிற்று. 1927ஆம் ஆண்டு முதல் எத்திலீன் கிளைக்கால் என்னும், எளிதில் ஆவியாகாத நீர்மம் விற்பனைக்கு வந்து அக்குறையை நீக்கிற்று. குளிரிலும் இறுகாத மெல்லிய மசகெண்ணெய்களும் பின்னர்த் தோன்றின.

கையை முறித்த இரும்புப் பிடியை ஒழித்தவர் ஒகையோ மாநிலத்தினரான சார்லஸ் கெட்டரிங் ஆவார். எந்திரத்தைச் சுழற்ற வல்ல மின்மோட்டார், எந்திரத்தளவு பெரிதாய் இருத்தல் வேண்டும் என்று பலர் கருதினர். கெட்டரிங் முன்னர்க் கடைகளின் பணப்பதிவுக் கருவிக்குச் சிறு மின்மோட்டார் ஒன்றை அமைத்துப் பழகியவர். நாள் முழுதும் உழைக்க வேண்டிய மோட்டார் பெரிதாகத்தான் இருத்தல் வேண்டும். சில நொடிகளே உழைக்க வேண்டிய மோட்டார் சிறிதாயினும், அந்நேரத்தில் தன் அளவினும் மிக்க ஆற்றலைத் தரும் என்று அவர் தெளிந்தார். 1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகள் அவர்தம் மின்தொடக்கியோடு வெளிவந்தன. உடல்வலிமை குறைந்தோரும் அச்சமின்றி வண்டியைக் கிளப்பும் நிலை பிறந்தது.

தட்டொலியின் காரணம்

ஓர் இடர் நீங்க மற்றோர் இடர் தலைகாட்டியது. மேட்டில் ஏறும்போது எந்திரத்தினுள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழுந்தது. கலவையை மிகுதியாக நெருக்கினால் ஆற்றல் மிகும். ஆனால் நெருக்கம் மிகுந்தோறும் இத்தட்டொலியும் மிகுந்து, எந்திரத்தையே சிதைத்தது. கெட்டரிங்கின் மின் அமைப்பே இதற்குக் காரணம் என்று சிலர் பழித்தனர். அவர் பழிக்கு வருந்தி அமராது, காரணம் காணுமாறு தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளைஞரை 1916ஆம் ஆண்டில் ஏவினார். மின்பொறி பாய்ந்து தீப் பரவத் தொடங்கிய பின்னரே, எஞ்சிய கலவை ஒருங்கே வெடிப்பதனால் தட்டொலி எழுகின்றது என்று ஆராய்ச்சி காட்டிற்று. குற்றம் மின்பொறியினதன்று, எரிபொருளினது.

இங்கே ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. பனி உருகுமுன்னரே மலரும் ஒரு காட்டுச்செடியின் இலை செந்நிறமுடையது. செந்நிறம் வெப்பத்தை விரைந்து ஏற்பதனால் அது முன்னரே மலர்கின்றதோ என்றும், மண்ணெண்ணெயைச் செந்நிறமாக்கினால் அதுவும் விரைந்து ஆவியாகித் தட்டொலி நீங்குமோ என்றும் அவர்கள் எண்ணினர். சாயம் கையில் இல்லாமையால் மிட்ஜ்லி அயோடினைக் கரைத்துப் பார்த்தார். தட்டொலி நின்றது! மற்றொருவராயின் கருத்து மெய்ப்பட்டது என்று மகிழ்ந்திருப்பர். மிட்ஜ்லி மீண்டும் ஆய்ந்தார். வேறு செஞ்சாயங்களைக் கலந்தார், தட்டொலி நிற்கவில்லை. நிறமற்ற அயோடின் சேர்மம் ஒன்றைக் கலந்தார், தட்டொலி நின்றது. பயன் தந்தது நிறமன்று, பொருளே என்பது தெளிவாயிற்று. தவறான கருத்தும் நேர்மையாக ஆராயப்படின் உண்மைக்கு வழிகாட்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ என்பார் வேறொரு வழியிற் சென்றார். கலவை எரியும் அறையின் வடிவத்தையே அவர் மாற்றினார். கலவை சுழன்று விரைந்து எரியுமாறும், தீப்பரவும் தொலைவு குறையுமாறும் அறையை அமைப்பின், தாழ்ந்த எரிபொருளும் தட்டொலியின்றி எரியும் என்று அவர் காட்டினார். முதல் உலகப் போரின்போது உயர்ந்த பெட்ரோல் விமானங்களுக்கு வேண்டியிருந்தமையால், தாழ்ந்த பெட்ரோலிலேயே இயங்கத்தக்க 150 குதிரைத்திறன் எந்திரம் ஒன்றை டாங்கிகளுக்கென அவர் வகுத்தளித்தார்.

மருந்தும் நஞ்சும்

மிட்ஜ்லியின் குழுவினர் மேலும் பற்பல பொருள்களை ஆய்ந்து, 1921ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் டெட்ரா எத்தில் ஈயம் என்னும் சேர்மத்தைக் கண்டனர். பெட்ரோலில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவாக அதனைக் கலந்தாலே தட்டொலி அடங்கிற்று. 1923ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், டேட்டன் நகரில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எந்திரங்களின் ஆற்றல் உயர்ந்தது. கண்டவரும் வாங்கியவரும் களித்தனர்.

ஈயம் நஞ்சு என்பதோ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. 1924ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், நியூ ஜெர்சி மாநிலத்தில் அச்சேர்மம் உருவாக்கப்பட்ட ஆலையொன்றில் நஞ்சேறி, அறிவு கலங்கி, ஐவர் மாண்டனர். மிட்ஜ்லியும் ஈய நஞ்சினால் நலிவுற்று ஓய்வு கொள்ள நேர்ந்தது. தொழிலாளர் உடல்நலத்தை ஆராய்ந்துவந்த ஆலிஸ் ஹாமில்டன் என்னும் பெண் மருத்துவர், 1925ஆம் ஆண்டு வாஷிங்டனிற் கூடிய மாநாட்டில் அதனை எதிர்த்துரைத்தார். எரிசாராயம் கலந்தாலும் தட்டொலி அடங்கும் என்பதை ஆராய்ச்சியாளர் அறிந்தே இருந்தனர். ஆயினும், சிறிதளவே போதுமானதும் ஆதாயம் மிக்கதுமான ஈயமே வென்றது.

வண்டிகளின் புகையோடு கலந்த ஈயம் காற்றிலும் மண்ணிலும் பரவிச் சிறுவர்தம் குருதியிலும் சேர்ந்து, அவர்கள் அறிவு வளர்ச்சியைத் தடுப்பது பின்னாளில் உறுதியாயிற்று. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவும், 2000ஆம் ஆண்டில் நம் நாடும் சாலை வண்டிகளுக்கு அப்பெட்ரோலை ஒழித்தன. 2021ஆம் ஆண்டில் அல்சீரியாவும் கைவிட்ட பின்னரே, உலகெங்கும் சாலை வண்டிகளில் அதன் பயன்பாடு முடிவுற்றது. தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட எரிசாராயம், இன்று எத்தனால் என்னும் பெயரோடு நம் நாட்டுப் பெட்ரோலிற் கலக்கப்படுகின்றது.

தாழ்ந்த எரிபொருளைப் பழித்துக்கொண்டு பொறியாளர்கள் வாளாவிருந்திருப்பின், மோட்டார் வண்டி செல்வர்தம் விளையாட்டுப் பொருளாகவே நின்றிருக்கும். வீணாகும் வெப்பத்தைப் பயன்கொண்டும், அறையின் வடிவத்தைத் திருத்தியும், தம் கருத்தையே மீண்டும் ஐயுற்று ஆய்ந்தும் அவர்கள் பெற்ற வெற்றி போற்றத்தக்கது. அவ்வெற்றியின் நடுவே நேர்ந்த பிழையும் மறக்கத்தக்கதன்று. எந்திரத்தின் நோய்க்கு மருந்து தேடுவோர், அம்மருந்து எந்திரத்திற்கு நன்மை தருமா என்று வினவுதல் ஒரு பாதி அறிவு. அதன் புகையை உயிர்க்கும் குழந்தைக்கு அது யாது செய்யும் என்று வினவுதலே மறுபாதி. இவ்விரு பாதியும் கூடிய அறிவே முழுமையான அறிவாகும்.

வினாக்கள்

1. குளிர்காலத்தில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாமைக்குக் காரணம் யாது? மண்பானையின் உவமை கொண்டு விளக்குக.
2. மோட்டார் வண்டிகள் பெருகியதனாற் பெட்ரோலின் தன்மை எவ்வாறு மாறியது?
3. மாடல் டி வண்டியைக் கையாற் கிளப்புவோர் மேற்கொள்ள வேண்டியிருந்த எச்சரிக்கைகள் யாவை?
4. செந்நிறம் பற்றிய கருத்து தவறு என்பதை மிட்ஜ்லி எவ்வாறு தெளிந்தார்?
5. 'இவ்விரு பாதியும் கூடிய அறிவே முழுமையான அறிவாகும்' - இக்கூற்றை ஈயம் கலந்த பெட்ரோலின் வரலாறு கொண்டு நிறுவுக.